அரை நாளுக்கு ஏலம் போன யானை

முப்பது வயதில் ஒருத்தி தன்னை ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொண்டால் சிரிப்பார்கள். ஆனால் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்யும் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இப்போது ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறேன், பழைய வேலைக்குத் திரும்பும் எண்ணமில்லை. ஓய்வு பெற்றவர்களின் அடையாளங்கள் மூன்றும் எனக்கு வந்துவிட்டன. பழைய நாற்காலிகளைப் பற்றிப் பேசுகிறேன். புதியவர்கள் செய்வது எதுவும் பிடிக்கவில்லை. யாராவது கேட்டால் உடனே எழுத உட்கார்ந்துவிடுகிறேன்.

கேட்டவர்கள், பாறசாலையில் நான் வேலை பார்த்த கம்பெனியில் இப்போது இருக்கும் பிள்ளைகள். அங்கே புதிதாக வந்த மேனேஜர் அடுத்த ஓணம் வரைக்குமான வேலையை ஒரே அட்டவணையாக அச்செடுத்துச் சுவர் முழுக்க ஒட்டியிருக்கிறாராம். எந்த நாளில் யார் எதைச் செய்து முடிப்பார் என்பதெல்லாம் அதில் இருக்கிறதாம். “எக்கா, நீங்க இருந்தப்பம் ஒரு கயிறும் கொஞ்சம் கல்யாணக் கார்டும்தான் உண்டும்னு சொல்லுதாவ. அத வச்சு எப்பிடி ஓட்டினிய?” என்று கேட்டு எழுதியிருந்தார்கள்.

கயிறும் கார்டும் உண்மைதான். ஏலம் நடந்ததை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.

நான் படித்த கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ, மூன்று வருடம். டி.வி.யைத் திறக்கவும் மூடவும் கற்றுத் தந்தார்கள். கம்ப்யூட்டர் மொழியைக் கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள். விளையாட்டு செய்வது எப்படி என்று யாரும் சொல்லித் தரவில்லை, அப்படி ஒரு வேலை இருக்கிறது என்றே எங்களுக்குத் தெரியாது. படித்து முடித்ததும் வேலை கிடைத்தது பாறசாலையில் பாக்கியநாதன் சாருடைய கம்ப்யூட்டர் சென்டரில். முதல் இரண்டு வருடம் கல்யாணப் பத்திரிகை அடித்தேன். பெண் பெயர் பெரிதா, பையன் பெயர் பெரிதா என்று இரு வீட்டாரும் சண்டை போட, நான் ஸ்கேல் வைத்து அளந்து காட்டிச் சமாதானம் செய்தேன். பிள்ளையாரை மேலே வைப்பேன், சிலுவையை மேலே வைப்பேன், அவற்றின் கீழே வரும் வாசகம் ஒன்றுதான். எனக்கு அந்த வேலை மேல் கோபமில்லை. மறுபடியும் அங்கே போய் உட்காரக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் பாக்கியநாதன் சார் ஒரு விளையாட்டுப் பிரிவு தொடங்கினார். ஆட்கள் மூன்று பேர். புரோகிராம் எழுத நேசன், படம் வரைய பாலராமபுரத்திலிருந்து பஸ்ஸில் வரும் சிவகுமார், புரோகிராமில் பாதியும் மேற்பார்வையும் நான். எங்கள் முதல் விளையாட்டு சின்னக் குழந்தைகளுக்கு எழுத்து கற்றுத் தருவது. எண்பத்து நான்கு பக்கத்துக்குத் திட்டம் எழுதினேன். ஒன்பது மாதம் அந்தத் திட்டத்தை வரி பிசகாமல் செய்தோம். அதைச் செய்து தரும்படி கேட்டவரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “எழுத்தே தெரியாத பிள்ளைக்கு இது. ஆனா இத விளையாட மொதல்ல ரெண்டு பக்கம் வாசிக்கணுமே, மோளே?” என்று கேட்டார். எண்பத்து நான்கு பக்கத்திலும் அந்தக் கேள்வி இல்லை. ஒன்பது மாதத்தில் ஒருநாள் அவரிடம் பாதியைக் காட்டியிருந்தால் போதும், அன்றே கேட்டிருப்பார்.

அதிலிருந்து எனக்குக் கிடைத்த பாடம் ஒன்றே ஒன்று. எவ்வளவு அரைகுறையாக இருந்தாலும், ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்டவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து விளையாடச் சொல்ல வேண்டும்.

மற்ற நடைமுறைகள் எல்லாம் பாக்கியநாதன் சாரிடமிருந்து வந்தவை. உயரமானவர், வெள்ளை முழுக்கைச் சட்டை, எங்கள் கிறிஸ்தவ சபையில் கமிட்டி உறுப்பினர். அந்தச் சமயத்தில் அவருக்கு உட்கார முடியாத ஓர் உபாதை இருந்தது. முதலாளி நிற்கும்போது நாங்கள் எப்படி உட்காருவது? அதனால் காலை ஒன்பது மணிக் கூட்டத்தை எல்லோரும் நின்றுகொண்டே நடத்தினோம். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், எது இடிக்கிறது என்று மூன்றே கேள்வி. பத்து நிமிடத்தில் அவருக்கு வலி வந்துவிடும், கூட்டம் முடிந்துவிடும்.

மூன்று மாதத்தில் திருவனந்தபுரத்தில் வைத்தியம் பார்த்துக் குணமாகி வந்தார். வந்த அன்றே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கூட்டம் ஒன்றே முக்கால் மணி நேரம் நடந்தது. அதில் முக்கால் மணி நேரம் வைத்தியரைப் பற்றி. மறுநாள் காலை நான் சீக்கிரம் வந்து, இருந்த நாற்காலிகள் எல்லாவற்றையும் பக்கத்து அறையில் அடுக்கிப் பூட்டினேன்.

“கசேர எங்க பிள்ளே?”

“பெயிண்ட் அடிக்கக் குடுத்திருக்கு சாரே.”

“எல்லாத்தையுமா?”

“ஒரே நெறமா இருக்கட்டும்னு.”

கூட்டம் முடிந்ததும் நாற்காலிகள் திரும்பி வந்தன, பழைய நிறத்திலேயே. அவர் ஒன்றை விரலால் தொட்டுப் பார்த்தார். அதற்கு அடுத்த நாளிலிருந்து ஒன்பது மணிக்குத் தானே நின்றார். பாக்கியநாதன் சார் விஷயத்தைப் புரிந்துகொள்ளாதவர் அல்ல. வாய்விட்டுச் சொல்லாமல் புரியவைத்தால் அவருக்குப் பிடிக்கும்.

கயிறு எனது. சுவருக்குச் சுவர் ஒரு நைலான் கயிறு கட்டி, வீணாய்ப்போன கல்யாணக் கார்டுகளின் பின்பக்கத்தில் ஒவ்வொரு வேலையாக எழுதி, துணி கிளிப்பால் மாட்டினேன். இடது பக்கம் செய்ய வேண்டியவை, நடுவில் கையில் இருப்பவை, வலது பக்கம் முடிந்தவை. ஃபேன் போட்டால் வேலைகள் எல்லாம் ஆடும்.

ஏலம் சாருடையது. இந்தப் பக்கத்துச் சபைகளில் அறுப்பின் பண்டிகை என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். தெரியாதவர்களுக்கு: சபையார் கொண்டுவந்து படைக்கும் வாழைக்குலை, சேவல், பலாப்பழம் எல்லாவற்றையும் ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம் விடுவார்கள். அங்கே பொருளைப் பார்த்து யாரும் கேட்பதில்லை, எதிரே கேட்கிறவனைப் பார்த்துக் கேட்பார்கள். ஒரு கோழிமுட்டைக்காக இரண்டு குடும்பம் வருடக்கணக்கில் பேசாமல் இருந்ததுண்டு. எங்கள் சபையில் அந்த ஏலத்தைக் கூவுகிறவர் பாக்கியநாதன் சார். மைக் வேண்டாம் அவருக்கு.

அவர் ஆபீசில் வேலையை ஏலம் விட்டார். பொருளுக்குப் பதில் கார்டு, விலைக்குப் பதில் நாள். யார் குறைந்த நாளில் செய்வதாகச் சொல்கிறாரோ அவருக்கு வேலை.

இரண்டாவது விளையாட்டு வந்தது. நெய்யாற்றின்கரையில் பள்ளிப் புத்தகம் போடும் வாசுதேவன் சார், தன் புத்தகத்தோடு ஒரு ஃபிளாப்பி இலவசமாகக் கொடுக்க நினைத்தார். கணக்கு வாத்தியாராக இருந்தவர், மலையாளத்தில் பேசுவார், சிரிக்கவே மாட்டார். விளையாட்டு இதுதான்: ஆரியங்கோட்டிலிருந்து ஜீப்பில் வாழைக்குலை ஏற்றிப் பாறசாலைச் சந்தைக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். வழியில் ரயில்வே கேட், துரத்தி வந்து குலையைப் பறிக்கும் நாய், மழை, திருவிழா ஊர்வலம், குறுக்கே வரும் யானை. ஜூனில் பள்ளி திறக்கிறது, மே கடைசிக்குள் ஃபிளாப்பி அவர் கையில் இருக்க வேண்டும்.

பாக்கியநாதன் சார் எங்களை நிற்கவைத்துச் சொன்னார். “மக்களே, கேட்டுக்கிடுங்க. ஒரு தடவ தோத்தாச்சு. இதும் போகல்லன்னா நாலு கம்ப்யூட்டரும் கல்யாணக் கார்டுக்காக்கும். எனக்கு உங்க மேல கோவம் ஒண்ணும் இல்ல. சொல்லியாச்சு, அவ்வளவுதான்.”

நேசன் என்னைப் பார்த்தான். நான் கயிற்றைப் பார்த்தேன்.

பிறகு சார் யானைக் கார்டைக் கையில் தூக்கினார்.

“யானை! ரோட்டுக்குக் குறுக்க யானை! நடக்கணும், நிக்கணும், தும்பிக்கைய ஆட்டணும். எத்தற நாளு?”

“ஆறு” என்றான் சிவகுமார்.

“அஞ்சு” என்றான் நேசன்.

“அஞ்சு நாளா? எலே, ஆரியங்கோட்டுல நிக்குத யானைய நடத்திக் கொண்டு வந்தாலே ஒரு பகல் போதும். இது படந்தானலே!”

“நாலு.”

“மூணு.”

“நேசா, உனக்கு யானை வரையத் தெரியுமாடே?” என்று கேட்டான் சிவகுமார்.

“நீ வரஞ்ச ஜீப்பப் பாத்து ஆட்டோன்னு சொன்னாரு அந்தப் புத்தகக்கார சாரு. ரெண்டு!”

“ஒண்ணு!”

“முக்கா!”

சிவகுமாருக்குக் காது வரை சிவந்துவிட்டது. “அர நாளு!”

“அர நாளு ஒரு தரம்… அர நாளு ரெண்டு தரம்…” ஸ்டேப்ளரால் மேஜையில் ஓங்கி அடித்தார். “மூணு தரம்! யானை பாலராமபுரத்துக்கு!”

எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன், இதை மறைத்தால் நியாயமில்லை.

அடுத்த வார ஏலத்தில், எப்படி விளையாடுவது என்று விளக்கும் பக்கத்தை எழுதும் வேலையை யாரும் கேட்கவில்லை. சபையில் யாரும் கேட்காத பொருளை ஏலம் விடுகிறவரே மரியாதைக்கு எடுத்துக்கொள்வது வழக்கம். “எனக்கு, ஒரு நாளு” என்று கார்டைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் சார்.

முதல் சனிக்கிழமை வாசுதேவன் சார் வந்து விளையாடினார். ஜீப் திரும்பும் பக்கமெல்லாம் அவரும் சாய்வார். டீ கிளாஸை எட்டிவைக்க வேண்டும். சாலையின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒன்று நின்றது. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“இது ஆனயல்ல. அலமாராயாணு.”

உண்மையில் அது அலமாரி போலத்தான் இருந்தது, இரண்டு கதவு வைத்து. அடுத்த சனிக்கிழமை அதற்குக் கால்கள் வந்தன, ஆனால் பின்பக்கமாக நடந்தது. மூன்றாவது சனிக்கிழமை சரியாக நடந்து, ஜீப்பின் ஊடே புகுந்தது, அத்தோடு கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. தினமும் காலை ஒன்பது மணிக்கு நின்றுகொண்டு சிவகுமார் ஒரே பதிலைச் சொன்னான்: “இன்னும் ஒரு அர நாளு வேல கூட உண்டு எக்கா.” பொய் சொல்கிறவன் அல்ல. எல்லோர் முன்னாலும் அரை நாள் என்று சொன்ன வாயால் வேறு எண்ணைச் சொல்ல அவனால் முடியவில்லை. மத்தியானம் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். அவன் டிபன் பாக்ஸை நேசன் காலி செய்தான், அதுவும் ஒரு உதவியாக.

என்னிடம் எப்போதும் ஒரு நோட்டு இருக்கும். அதில் இடது பக்கம் ஏலத்தில் சொன்ன நாள், வலது பக்கம் உண்மையில் ஆன நாள். ரயில்வே கேட்: சொன்னது ஒன்றரை, ஆனது ஐந்து. நாய்: ஒன்று, நான்கு. யானை: அரை, பதினாறு, இன்னும் முடியவில்லை. விளக்கப் பக்கம்: ஒன்று, பதினொன்று, இதுவரை எழுதப்பட்டது “அன்புள்ள குழந்தைகளே” என்ற வரி மட்டும். மே மாதம் பிறக்க இரண்டு நாள் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபைக் கோவிலில் காணிக்கை எடுத்தார்கள். நீளமான கைப்பிடி வைத்த துணிப்பை வரிசையாக வரும். உள்ளே கையை விட்டு மூடிப் போட வேண்டும். யார் என்ன போட்டார் என்று யாருக்கும் தெரியாது. பையைப் பிடித்திருப்பவர் உள்ளே பார்க்கக் கூடாது, கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அன்று பை பிடித்தவர் பாக்கியநாதன் சார். எனக்கு முன் வரிசையில் நேசன். முட்டையை ஏலத்தில் மாட்டு விலைக்கு எடுக்கிற அதே மனிதர்கள், பைக்குள் தங்களால் ஆனதை மட்டும் சத்தமில்லாமல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பை என்னிடம் வந்தபோது நான் போட மறந்து நின்றேன். சார் கூரையைப் பார்த்தபடியே மெதுவாக இருமினார்.

திங்கட்கிழமை காலை மற்றவர்கள் வருமுன் அவரிடம் போனேன்.

“சாரே, ஏலத்த நிறுத்தணும்.”

“என்னத்துக்கு? எனக்க ஏலத்துல என்ன கேடு கண்ட நீ?”

“சாரு கூவினா நாலு நாள் வேலய ஒரு நாளுன்னு சொல்லீருதோம். உங்க தொண்டைக்கு அப்பிடி ஒரு சக்தி உண்டு. அதாக்கும் கேடு.”

நோட்டைத் திறந்து கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு விரல் வைத்து வாசித்தார். கேட்டைத் தாண்டினார், நாயைத் தாண்டினார், யானையில் தலையை ஆட்டினார். அடுத்த வரியில் விரல் நின்றது.

“பதினொண்ணா? எனக்கா?”

“பன்னெண்டு ஆச்சு சாரே. இன்னைக்கும் சேத்து.”

நோட்டை மூடி, மறுபடி திறந்து அதே வரியைப் பார்த்தார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. இருபது வருடமாக அவர் ஏலம் கூவுகிறார், அதில்தான் அவருக்குப் பெயர்.

“அப்பம் நான் சும்மா நிக்கணுமா?”

“வேண்டாம். நீங்க பை எடுக்கணும்.”

கம்ப்யூட்டரைத் தூசி படாமல் மூடி வைக்கும் துணி உறையைத் தலைகீழாகப் பிடித்து அவர் கையில் கொடுத்தேன். கொஞ்சம் பார்த்தார். புரிந்துவிட்டது.

ஒன்பது மணிக்கு எல்லோரும் நின்றோம். நான் ஒரு கார்டை வாசிப்பேன். மூன்று பேரும் துண்டுத் தாளில் தங்கள் மனதில் இருக்கும் நாளை எழுதி மடிக்க வேண்டும். பாக்கியநாதன் சார் உறையை இரண்டு கையாலும் ஏந்தி, ஒவ்வொருவர் முன்னாலும் போய்க் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே கூரையில் ஒட்டடையைத் தவிர ஒன்றுமில்லை. ஆனாலும் நேசன் தன்னை அறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டுத் தாளைப் போட்டான்.

முதல் கார்டு யானை. முடிக்க இன்னும் எத்தனை நாள்? துண்டுகளைப் பிரித்தேன். ஆறு. எட்டு. ஏழு.

யாரும் சிரிக்கவில்லை. “அப்பம் உங்களுக்கும் அவ்வளவு ஆகுமா?” என்று சிவகுமார் கேட்டான். அன்று மத்தியானம் அவன் சாப்பிட்டான். நேசனுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

மொத்தக் கார்டுக்கும் பை எடுத்து, ஒவ்வொன்றிலும் மூன்றில் நடுவாக வந்த எண்ணை எடுத்துக் கூட்டினேன். எண்பத்து மூன்று நாள் வேலை. மூன்று பேர், நான்கு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள்: அறுபது. இருபத்து மூன்று நாள் அதிகம். அதாவது, எல்லாவற்றையும் செய்தால் ஃபிளாப்பி போகாது, நான் போய் ஸ்கேலை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

“ஆனை வரும்னு அந்தாளுக்கு வாக்கு குடுத்தாச்சே பிள்ளே” என்றார் சார்.

“வராதுன்னு ஜூன்ல சொல்லுறதவிட இப்பம் சொல்லலாம் சாரே.”

சனிக்கிழமை வாசுதேவன் சார் வந்ததும் கயிற்றை அவிழ்த்து, கார்டுகளை மேஜையில் பரப்பினேன். ஒவ்வொன்றின் மூலையிலும் அதற்கான நாள். “இருபத்து மூணு நாளு கூடுதல் உண்டு. எது வேண்டாம்னு சாரு எடுத்து மாத்தி வைக்கணும்” என்று சொன்னேன். பாக்கியநாதன் சார் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வாசுதேவன் சார் ஒரு கார்டைத் திருப்பி வாசித்தார். “ஈ கல்யாணம் கழிஞ்ஞோ?”

“கழிஞ்சு சாரே” என்றான் நேசன். “ரெண்டு பிள்ளையும் ஆச்சு.”

கார்டை வைத்துவிட்டு, ஒரு முறை விளையாடிப் பார்க்க வேண்டும் என்றார். விளையாடினார். சாய்ந்தார். கேட் திறந்தது. நாய் துரத்தி வந்து ஒரு குலையைக் கவ்விக்கொண்டு, திரும்பி அவரைப் பார்த்துவிட்டு ஓடியது. அப்போதுதான் அது நடந்தது: வாசுதேவன் சார் சிரித்தார். கண்ணாடி மடியில் விழும் வரை சிரித்தார். மறுபடியும் முதலிலிருந்து ஓட்டி, வேண்டுமென்றே நாயிடம் ஒரு குலையைப் பறிகொடுத்தார்.

பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்றே மூன்று கார்டை எடுத்து ஓரமாக வைத்தார். ஊர்வலம் ஒன்பது, மழை ஏழு, யானை ஏழு. இருபத்து மூன்று. கணக்கு வாத்தியார் அல்லவா?

“ஆன வேண்டா” என்றார். “நாய மதி.” நாய் போதுமாம்.

சிவகுமார் தன் யானையையே பார்த்துக்கொண்டிருந்தான். “அப்பம் எனக்க மூணு வாரம்?” என்று என்னிடம் கேட்டான். திங்கட்கிழமை அவனே பதிலோடு வந்தான். முதல் வாரத்து யானை இருக்கிறதே, இரண்டு கதவு வைத்தது, அதை எடுத்து எதிரே வரும் லாரியின் மேல் அலமாரியாக ஏற்றிவிட்டான். நோட்டில் குறித்துவைத்தேன். சரியாக அரை நாள் ஆனது.

ஃபிளாப்பி மே கடைசி வாரத்துக்குள் போனது. விளக்கப் பக்கத்தைக் கடைசியில் நான் எழுதினேன். “அன்புள்ள குழந்தைகளே” என்ற வரியை மட்டும் மாற்றவில்லை, அது பன்னிரண்டு நாள் உழைப்பு. நான்கு கம்ப்யூட்டரும் இருந்த இடத்திலேயே இருந்தன. அதன் பிறகு ஏழு சின்ன விளையாட்டுகள் செய்தோம், எல்லாம் கயிறு, கார்டு, உறை, சனிக்கிழமை என்ற அதே முறையில். இரண்டு தாமதமாயின, ஆனால் தாமதமாகும் என்று ஒரு மாதம் முன்பே எங்களுக்குத் தெரியும்.

நான் வேலையை விட்ட அன்று அவர்கள் மாலை போடவில்லை. ஒரு கார்டு எழுதியிருந்தார்கள்: “ஷீலா இல்லாமல் வேலை பார்க்கப் பழகுவது.” பாக்கியநாதன் சார் உறையை ஏந்திவந்தார், தானும் ஒரு துண்டு போட்டார். நான்தான் பிரித்தேன். ஒன்றில் இருபத்தைந்து நாள். ஒன்றில் நாற்பது. மூன்றாவதில், அடிக்கோடிட்டு, அரை நாள். அது யார் கையெழுத்து என்று நான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பைக்குள் போட்டாலும் அவருக்கு ஏலம்தான்.

அன்றிலிருந்து வாரம் ஒருமுறை அவர் பாலிடெக்னிக் ஆபீசுக்கு போன் செய்கிறார். கயிறு எந்தக் கடையில் வாங்கியது, அந்த உறையைத் துவைக்கலாமா, இப்படி ஏதாவது கேட்பார். போன வாரம் புது மேனேஜருடைய அட்டவணையைப் பற்றிக் கேட்டார்.

“பிள்ளே, அந்தச் சுவத்துல ஒட்டின பேப்பருக்க பின்பக்கம் நல்ல வெள்ளையாக்கும். கனமும் உண்டு. கார்டு வெட்டினா எத்தற வரும்?”

நீள அகலம் கேட்டுக் கணக்குப் போட்டுச் சொன்னேன். “நூத்தி இருவது வரும் சாரே.”

“சுவத்துல இருந்து எளக்கி எடுத்து வெட்ட அர நாளு போதும், இல்லியா?”

போதும் என்று சொல்லிவிட்டு, நோட்டில் ஆறு என்று எழுதிக்கொண்டேன்.